உப்புக்காற்றில் நிற்கும் இரும்பு: எங்கே அளப்பது, எப்படிக் கணிப்பது, எப்போது கைவைப்பது

நீங்கள் கேட்டிருப்பது இது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, கடலை ஒட்டிய மீன் பதனக்கூடம் ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள். கட்டிச் சில ஆண்டுகளே ஆன கூரைச் சட்டங்களில் துரு அடுக்கடுக்காகப் பெயர்கிறது. அம்மோனியாக் குழாய்களின் காப்புறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கடல்நீர் இறைக்கும் மேடையில் கான்கிரீட் வெடித்துக் கம்பி வெளியே தெரிகிறது. உணர்கருவிகளையும் மென்பொருளையும் பொருத்தினால் எந்த இடம் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் என ஒரு நிறுவனம் விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறது; வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அரிமானத்தின், அதாவது உலோகம் அரிக்கப்படுவதன், வேகம் ஓர் ஊருக்கோ ஒரு தொழிற்கூடத்துக்கோ உரியதன்று. அது ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக உரியது. ஒரே சட்டத்தின் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும், கடலைப் பார்த்த பக்கத்துக்கும் நிலத்தைப் பார்த்த பக்கத்துக்கும் பல மடங்கு வேறுபாடு இருக்கும். உங்கள் இடங்களில் எடுத்த அளவுகள் கையில் இல்லாத நிலையில், எந்த மென்பொருளும் வேறு யாருடைய இரும்பையோ பற்றித்தான் உங்களுக்குச் சொல்லும்.

வேகத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: மேற்பரப்பில் எவ்வளவு உப்பு படிகிறது, அந்தப் பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது. ஈரம் என்றால் மழை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கறியுப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தொடும்போது தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் தூவலில் அதனோடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைடுக்கோ ஏறத்தாழ 33 விழுக்காடே போதும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் எந்த வெயிலிலும் முழுவதுமாகக் காய்வதில்லை என்பது அங்கு வேலை செய்பவர்கள் அறிந்ததே. அதற்குக் காரணம் இந்த மக்னீசியம் உப்புதான். நம் கரையில் சித்திரை வெயிலின் நண்பகலிலும் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே, பார்வைக்குக் காய்ந்திருக்கும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புக் கரைசல் படலம் ஒன்று அநேகமாக நாள் முழுவதும் இருந்துகொண்டே இருக்கிறது. துருப்பிடிக்கத் தேவையான அத்தனையும் அந்தப் படலத்தில் இருக்கிறது.

இதோடு நம் மாவட்டத்தின் மழைக்கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. மீதி எட்டு ஒன்பது மாதங்கள் படியும் உப்பைக் கழுவ ஆளில்லை. நல்ல மழை பெய்யும் கடற்கரைகளில் வானமே செய்துவிடும் வேலையை இங்கே நாம்தான் செய்ய வேண்டும். மழை படும் முகம் விரைவில் துருப்பிடிக்கும், மறைவான முகம் பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணம் இந்தக் கரையில் பெரும்பாலும் தலைகீழானது. கூரைத் தகட்டின் அடிப்புறம், ஆங்கிளின் உள்மடிப்பு, போல்ட்டுத் தலைக்குக் கீழுள்ள இடுக்கு, தாழ்வாரத்துக்குள் நிற்கும் தூணின் மேற்பகுதி ஆகியவற்றுக்கு உப்பு போய்ச் சேரும், மழை போய்ச் சேராது. உங்கள் கூரைச் சட்டங்கள் மேலிருந்து பார்க்க நன்றாகவும் கீழிருந்து பார்க்க மோசமாகவும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

காற்றையும் விட்டுவிடக் கூடாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். மண்டபம் போன்ற ஒடுங்கிய நிலத்தில் இரண்டு கடல்களின் தூவலும் ஆண்டின் இரண்டு பாதிகளில் மாறி மாறி வந்து விழுகிறது. எனவே, ஓர் ஆண்டுக்குக் குறைந்த எந்த அளவீட்டையும் நம்ப வேண்டாம்.

முதல் வேலையாக, அதிகச் செலவில்லாத ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். 100 மி.மீ. அகலமும் 150 மி.மீ. நீளமும் கொண்ட சாதாரண எஃகுத் தகடுகளை 3 மி.மீ. தடிப்பில் வெட்டி, சுத்தம் செய்து, எண் குத்தி, 0.1 கிராம் துல்லியத்தில் எடை போட்டு, நீங்கள் கவலைப்படும் இடங்களில் கட்டித் தொங்கவிடுங்கள். கூரைக்கு மேல், கூரைக்கு அடியில், கடல்முகச் சுவர், இறைப்பு மேடை, அம்மோனியாக் கம்ப்ரசர் அறை என எல்லா இடத்திலும் மும்மூன்றாக வையுங்கள். காற்றில் ஆடாதபடி மின்காப்புப் பிடிகளால் கட்டுங்கள். ஓராண்டு கழித்து எடுத்து, அரிமான ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் கிளார்க் கரைசலில் துருவை மட்டும் நீக்கி மீண்டும் எடை போடுங்கள். இந்த அளவுள்ள தகட்டில் 1 கிராம் எடை குறைந்தால், இரு முகங்களிலும் சராசரியாக 4.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உலோகம் போயிருக்கிறது என்று பொருள். ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை முதல் ஆண்டு இழப்பை வைத்துச் சூழலை வகைப்படுத்துகிறது: 50 முதல் 80 மைக்ரான் வரை சி4, 80 முதல் 200 வரை சி5, 200க்கு மேல் 700 வரை சி.எக்ஸ். அதாவது 20 கிராம் குறைந்த இடம் சி5. 50 கிராம் குறைந்த இடம் எல்லா வகைகளிலும் மிகக் கடுமையான சி.எக்ஸ். ஒரே வளாகத்துக்குள் இரண்டு மூன்று வகைகள் கிடைத்தால் வியக்க வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் கடலோரச் சோதனைகளை நெடுங்காலமாக நடத்தி வந்திருக்கிறது. நாட்டுக்கே அரிமான வரைபடம் தயாரித்ததும் அந்த நிலையம்தான். முறையில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு இவ்வளவு அருகில் ஒரு நிறுவனம் இருப்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

இந்த ஓர் எண் கையில் வந்துவிட்டால் பலவற்றுக்கு விடை கிடைக்கும். துத்தநாக முலாமை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த சட்டங்களில் சூடான முறையில் பூசிய முலாம் சராசரியாக 85 மைக்ரான் இருக்க வேண்டும். சி5 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரையும்; சி.எக்ஸ். சூழலில் 25 மைக்ரான் வரை போகும். அதே முலாம் ஓரிடத்தில் இருபது ஆண்டு தாங்கும், இன்னோர் இடத்தில் நான்கு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். கூரைத் தகட்டில் இருப்பதோ இன்னும் மெல்லிய பூச்சு: சதுர மீட்டருக்கு 275 கிராம் என்று விற்கப்படும் தகட்டில் ஒரு முகத்துக்குச் சுமார் 19 மைக்ரான்தான் இருக்கிறது. சந்தையில் அதைவிடக் குறைந்தவையும் உண்டு என்பதால், வாங்கும்போது கிராமைக் கேட்டு வாங்குங்கள்.

இனி முன்கணிப்பு. துரு தனக்குத்தானே ஓரளவு தடையாக அமைவதால் இழப்பின் வேகம் நாளடைவில் குறையும், இதை ஐ.எஸ்.ஓ. 9224 தரநிலை, முதல் ஆண்டு இழப்பை ஆண்டுகளின் 0.523ஆம் அடுக்கால் பெருக்கும் சூத்திரமாகத் தருகிறது. முதல் ஆண்டில் 100 மைக்ரான் போனால் இருபது ஆண்டில் சுமார் 480 மைக்ரான் போகும். 6 மி.மீ. ஆங்கிளில் இரு முகங்களையும் சேர்த்து ஏறக்குறைய 1 மி.மீ. குறைந்து 5 மி.மீ. எஞ்சும் என்று கணக்கு ஆறுதல் சொல்லும். ஆனால் உப்பு மிகுந்த, மழை படாத இடங்களில் துரு ஒட்டி நிற்பதில்லை. அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்து புது இரும்பைத் திறந்துவிடுகிறது. வேகம் குறையாமல் நேர்கோட்டில் போனால் அதே இருபது ஆண்டில் ஒரு முகத்துக்கு 2 மி.மீ., இரு முகத்துக்கு 4 மி.மீ. போய், எஞ்சுவது 2 மி.மீ. மட்டுமே. சூத்திரத்தின் அடுக்கில் உள்ள ஒரு சிறிய எண், கூரை நிற்குமா விழுமா என்பதையே மாற்றிவிடுகிறது. உங்கள் சட்டங்களில் துரு ஏற்கெனவே பெயர்கிறது என்று எழுதியிருப்பதால், நேர்கோட்டுக் கணக்கையே கொள்ளுங்கள். மென்பொருள் கொடுப்பவரிடம் எந்த அடுக்கைப் பயன்படுத்துகிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

தகடுகள் சூழலைச் சொல்லும். உண்மையான குழாயின், சட்டத்தின் நிலையை அல்ட்ராசோனிக் தடிப்புமானிதான் சொல்லும். ஒலி எஃகுக்குள் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிப்பைக் கணிக்கும் கருவி அது. இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, வண்ணப்பூச்சின் மேல் வைத்து அளந்தால் ஒலி அதில் மெதுவாகப் போவதால் 0.3 மி.மீ. பூச்சு 0.7 மி.மீ. எஃகு போலக் கணக்கில் சேரும். இல்லாத இரும்பு இருப்பதாகத் தெரிவது ஆபத்து. பூச்சைக் கழித்து அளக்கும் வசதியுள்ள கருவியை வாங்குங்கள். இரண்டாவது, நடைமுறையில் இக்கருவியின் பிழை கூட்டியோ குறைத்தோ 0.1 மி.மீ. இருக்கும். ஆண்டுக்கு 0.1 மி.மீ. தேயும் குழாயைச் சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் அளந்து, இரண்டையும் கழித்து வேகம் சொன்னால், அது கருவியின் பிழையைத்தான் சொல்லும். சில அறிக்கைகளில் குழாயின் தடிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடியிருப்பதாகக்கூட எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இதற்கு மாற்று, அளக்கும் புள்ளியை அழியாத குறியிட்டு நிலைப்படுத்துவதும், ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் அளப்பதும், மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில் வேகத்தைக் கணிப்பதும்தான். வளைவுகளின் வெளிப்பக்கம், நீர் தேங்கும் அடிப்பகுதி, தாங்கி மேல் குழாய் உட்காரும் இடம், ஓட்டமில்லாத முட்டுக் கிளைகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கை எட்டும் இடத்தில் மட்டும் அளப்பது நம் ஊரில் பரவலான பழக்கம்.

அம்மோனியாக் குழாய்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. எப்போதும் கடுங்குளிரில் இருக்கும் குழாயில் அரிமானம் மெதுவாகவே நடக்கும். ஆனால் உறைபனியைக் கரைக்கச் சூடான வாயுவைத் திருப்பிவிடும் குழாய்கள் உறைவதும் வியர்ப்பதுமாக மாறிக்கொண்டே இருக்கின்றன. காப்புறையின் மேலுள்ள ஆவித்தடுப்பு ஒரு விரற்கடை கிழிந்திருந்தாலும் உப்புக்காற்று உள்ளே போய்க் குளிர்ந்து நீராகும். அந்த நீர் வெளியேற வழியில்லை. வெளியே வெள்ளைத் தகடு பளபளக்க, உள்ளே குழாய் கரையும். தாங்கி, வால்வு, காப்புறை முடியும் விளிம்பு, யாரோ ஏறி மிதித்துப் பள்ளமான இடம் ஆகியவற்றை முதலில் திறந்து பாருங்கள். அம்மோனியா ஓட்டத்தில் இருக்கும் குழாயில் துருவைச் சுரண்டுவதோ சுத்தியலால் தட்டுவதோ கூடாது. துருதான் சில வேளைகளில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பகுதியை வாயு நீக்கிப் பிரித்த பிறகே கை வைக்க வேண்டும். உங்கள் மொத்த நிதியில் பாதியை இந்த ஒரு வேலைக்கு ஒதுக்கினாலும் மிகையில்லை, ஏனெனில் கூரை பழுதானால் பணம் போகும், இந்தக் குழாய் பழுதானால் உள்ளே மீன் உரிக்கும் பெண்களின் உயிர் போகும்.

இறைப்பு மேடையின் கான்கிரீட் வேறு வகைச் சிக்கல். உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட எடுக்கும் காலம், மூடுகனத்தின் (கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிப்பின்) இருமடிக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். 25 மி.மீ. மூடுகனத்தை 50 ஆக்கினால் நான்கு மடங்கு காலம் கிடைக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கடலோரக் காற்றுக்கு 45 மி.மீ., தூவல் படும் இடத்துக்கு 50, அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75 என்று விதிப்பதன் காரணம் இதுதான். கம்பி துருவாகும்போது கனஅளவு இரண்டு முதல் ஆறு மடங்கு பெருகுவதால் கான்கிரீட் வெடிக்கிறது. வெடித்த இடம் நோயின் கடைசிக் கட்டம். அதைச் சுற்றி இன்னும் வெடிக்காத இடங்களைக் கண்டுபிடிக்கச் செப்பு–செப்பு சல்பேட் மின்முனையால் மின்னழுத்த வரைபடம் எடுப்பார்கள். −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் 90 விழுக்காட்டுக்கு மேல் அரிமான வாய்ப்பு, −200க்கு மேலே இருந்தால் அதே அளவு வாய்ப்பு அது இல்லாததற்கு. ஆனால் எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவதாலேயே மிகத் தாழ்ந்த எண் வரும், அங்கே கம்பி நன்றாகவே இருக்கலாம். எண்ணை மட்டும் பார்க்காமல் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே அது எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வெடித்ததைக் கொத்திப் புதுக்காரை பூசுவதோடு நின்றால், பூசிய இடத்தைச் சுற்றியுள்ள பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருவாகும். கம்பியின் பின்புறம் வரை வெட்டியெடுத்து, உப்பேறிய கான்கிரீட்டை முழுவதும் நீக்குங்கள். காரை கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. நம் பகுதிக் கிணற்றுநீர் பலவற்றில் அதைவிட அதிகம் இருக்கும், சோதிக்காமல் தொட வேண்டாம்.

மேடையில் எஃகுத் தூண்கள் இருந்தால், நீருக்குள் இருக்கும் பகுதிக்குத் துத்தநாக அல்லது அலுமினியக் கட்டிகளைப் பிணைத்துப் பாதுகாக்கலாம். இயந்திரப் படகின் விசிறிக்கு அருகே கட்டும் கட்டியின் வேலையும் அதுவே. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையில் −800 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா என்று அளந்தாலே போதும். இம்முறை நீருக்கு மேலே தூவல் படும் பகுதிக்கு எதுவும் செய்யாது என்பதை மறக்காதீர்கள். அதிக வேகத்தில் தேய்வது அந்தப் பகுதிதான்.

வண்ணப்பூச்சைப் பொறுத்தவரை, பூச்சின் தரத்தைவிட அதற்கு முந்தைய சுத்தம் முக்கியம். மணல் வீசித் துருவை எடுத்த பிறகும் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன் மேல் பூசிய எந்த விலையுயர்ந்த எப்பாக்ஸியும் சில மாதங்களில் கொப்பளிக்கும். நன்னீரால் அழுத்தமாகக் கழுவி, உப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒட்டுச் சோதனையால் அளந்து, எஃகின் வெப்பநிலை பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) 3 டிகிரியாவது மேலே இருக்கும் நேரத்தில்தான் பூச வேண்டும். நம் கரையில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலை இந்தக் கடைசி விதியை அடிக்கடி மீறுகிறது. நன்னீருக்குத் தட்டுப்பாடான மாவட்டத்தில் இரும்பைக் கழுவ எங்கே போவது என்று கேட்பீர்கள். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, மாசிக்குப் பிறகு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மழை படாத அடிமுகங்களை மட்டும் கழுவுங்கள். உவர்நீரால் கழுவுவது புதிதாக உப்புப் பூசுவதே ஆகும்.

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது. 1964 புயலில் சிதைந்து மீண்டும் எழுந்தது, 2007இல் அகலப்பாதைக்காக வலுப்படுத்தப்பட்டது. இத்தகைய சூழலில் அது நூறாண்டைக் கடந்ததற்கு, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் மாற்றவும் முடிந்தது ஒரு பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் சேர்ந்திருக்கின்றன. நல்ல முன்னேற்றம், ஆனால் அவையும் பார்வையிடுவதை இல்லாமல் ஆக்கிவிடாது. நீங்கள் கூரைச் சட்டங்களை மாற்றும்போது முதுகோடு முதுகாகச் சேர்த்த இரட்டை ஆங்கிள்களைத் தவிர்த்துவிட்டு, முனைகளை அடைத்துப் பற்றவைத்த குழாய்ச் சட்டங்களைக் கேளுங்கள். தூரிகை போகாத இடுக்கு வரைபடத்திலேயே இருக்கக் கூடாது.

எப்போது கைவைப்பது என்பதற்குக் கணக்கு எளிது. இப்போதைய தடிப்பிலிருந்து, வடிவமைப்பாளர் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தடிப்பைக் கழித்து ஆண்டு வேகத்தால் வகுத்தால் எஞ்சிய ஆயுள் கிடைக்கும். 4.6 மி.மீ. இருக்கும் குழாய்க்குக் குறைந்தபட்சம் 3 மி.மீ. என்றும் வேகம் 0.2 என்றும் கொண்டால் எட்டு ஆண்டு. அடுத்த சோதனை அதில் பாதிக்குள், அதாவது நான்கு ஆண்டுக்குள் நடந்தாக வேண்டும். நீண்டகால வேகம், அண்மை வேகம் இரண்டையும் கணித்து, எது அதிகமோ அதை எடுங்கள். குழி விழும் இடங்களில் சராசரி உதவாது. கண்ட குழிகளில் மிக ஆழமானதையே கணக்கில் கொள்ளுங்கள்.

ஓராண்டுத் தகட்டு எடைகளும் குறியிட்ட புள்ளிகளின் முதல் தடிப்பளவுகளும் கைக்கு வந்த பிறகு அந்த நிறுவனத்தாரை மீண்டும் அழையுங்கள். உங்கள் புள்ளிகளில் பாதியின் அளவுகளை மட்டும் கொடுத்து, மீதிப் பாதியைக் கணித்துத் தரச் சொல்லுங்கள். விடை உங்கள் பதிவேட்டோடு ஒத்துப்போனால், ஏறிப் பார்க்க முடியாத இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் மின்தடை மாற்றத்தால் தேய்மானம் காட்டும் உணர்கருவிகளை வாங்குங்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு தகட்டையும் தொடர்ந்து கட்டி வையுங்கள்.